தோட்டமும் கடலும்: ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல் குறித்து நெய்தல் நிலம் சார்ந்த ஒரு வாசிப்பு

1967ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வரலாற்றறிஞர் லின் ஒயிட் எழுதிய கட்டுரை, மேலைக் கிறித்தவத்தின் மனிதமையப் பார்வையே இயற்கைச் சீரழிவின் வேர் என்று குற்றஞ்சாட்டியது. அதே கட்டுரை அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியலாளரின் பாதுகாவலராகக் கொள்ளலாம் என்றும் முன்மொழிந்தது. 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அப்புனிதரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடல், அப்புனிதரின் படைப்புப் பாடலிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. குற்றஞ்சாட்டியவர் காட்டிய வழியிலேயே மறுமொழியும் அமைந்தது எனலாம்.

246 பத்திகள் கொண்ட இத்திருமடலின் இறையியல் மறுமொழி 67ஆம் பத்தியில் செறிந்துள்ளது. தொடக்கநூல் 1:28 மனிதருக்கு உலகின்மீது ஆட்சி வழங்குகிறது. அங்கு வரும் ‘கபாஷ்’, ‘ராதா’ என்னும் எபிரேய வினைகள் அடக்குதலையும் ஆளுதலையும் குறிப்பன. இவ்வசனத்தைக் கிறித்தவர் சில வேளைகளில் தவறாகப் பொருள்கொண்டனர் என்று திருமடல் ஒப்புக்கொள்கிறது. பின்னர்த் தொடக்கநூல் 2:15ஐ முன்னிறுத்துகிறது. அங்கு மனிதர் ஏதேன் தோட்டத்தில் வைக்கப்படுவது அதைப் பண்படுத்தவும் காக்கவுமே. ‘ஆவாத்’ என்னும் வினைக்கு உழுதல், பணிசெய்தல் என்னும் இரு பொருளும் உண்டு. ‘ஷாமார்’ காத்தலைக் குறிக்கும். ஆட்சி பற்றிய வசனத்தைத் தோட்டம் பற்றிய வசனத்தின் ஒளியில் வாசிக்க வேண்டும் என்பதே திருமடலின் விளக்க நெறி. ஒயிட்டின் குற்றச்சாட்டுக்குக் கத்தோலிக்க மரபு தந்த மறுமொழிகளுள் இது வலிமையானது.

ஆயினும் இந்நெறி கரையோடு நின்றுவிடுகிறது. 1:28இல் மனித ஆட்சிக்கு உட்படும் உயிர்களுள் முதலில் சொல்லப்படுபவை கடல் மீன்களே. அவ்வசனத்தைத் திருத்த வரும் 2:15இலோ கடல் இல்லை. எல்லையுடைய ஒரு தோட்டமே உண்டு. அதே பத்தியில் துணைக்கு அழைக்கப்படும் லேவியர் 25:23உம் நிலம் இறைவனுக்கு உரியது என்பதைப் பற்றியே பேசுகிறது. நிலத்துக்குக் காவல் கிடைக்க, மீனோ ஆட்சி வசனத்தின் கீழேயே எஞ்சுகிறது. கடலைப் பண்படுத்த இயலாது. அதற்கு வேலியிடவும் இயலாது. உழவரின் உருவகம் மீனவருக்குப் பொருந்துமா என்னும் வினாவைத் திருமடல் எழுப்பவில்லை.

திருமடலில் கடலே இல்லை என்பது இதன் பொருளன்று. பவளப்பாறைகளின் அழிவைப் பற்றிப் பேசுகையில் பிலிப்பைன்ஸ் ஆயர்களின் 1988ஆம் ஆண்டு மடலை அது எடுத்தாள்கிறது. மீன்வளம் குன்றுவது சிறு மீனவச் சமூகங்களை மிகுதியும் பாதிக்கிறது என்று 48ஆம் பத்தி கூறுகிறது. 98ஆம் பத்தியில் காற்றும் கடலும் இயேசுவுக்குக் கீழ்ப்படிந்த நற்செய்தி நிகழ்வு வருகிறது. ஆக, கடல் காயம்பட்ட பரப்பாகவோ கீழ்ப்படியும் இயற்கையாகவோ காட்சி தருகிறது. மீனவர் இழப்புக்கு உள்ளாவோராக வருகின்றனர். பழங்குடியினரை 146ஆம் பத்தி நடத்தும் முறை வேறு. நிலத்தை நன்கு பேணுவோர் என்றும், அவர்களுடைய நிலத்தைத் தொடும் திட்டங்களில் முதன்மை உரையாடல் பங்காளிகள் என்றும் அது அவர்களை ஏற்கிறது. அறிவுடையோர் என்னும் இத்தகுதி மீனவருக்கு வழங்கப்படவில்லை. முதற்சீடர்களாகப் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் என்னும் மீனவர் நால்வரைக் கொண்ட ஒரு மரபில் இக்குறை சிறிதன்று.

இதன் கனத்தை முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து நோக்கினால் உணரலாம். 1530களில் திருமுழுக்குப் பெற்ற பரதவர் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளாகக் கத்தோலிக்கர். காற்றின் திசையும் நீரோட்டமும் நீரின் நிறமும் அவர்களது தொழிலறிவு. கரையிலுள்ள குன்றையும் கோவில் கோபுரத்தையும் ஒருங்கே நோக்கிக் கடலடிப் பாரின் இருப்பிடத்தைக் கணிப்பது கட்டுமரக்காரரின் மரபு. இங்குக் கோவில் வழிபாட்டிடம் மட்டுமன்று, கடலை அறியும் கருவியுமாகும். திணைக் கோட்பாட்டில் நிலம், தொழில், தெய்வம் ஆகியவை ஒன்றையொன்று தழுவி நிற்பது போன்றதே இது. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நாவல் இவ்வறிவைப் பாத்திரங்களின் பேச்சிலும் உழைப்பிலும் பதிவுசெய்கிறது. கத்தோலிக்கச் சூழலியல் குறித்த தமிழ் ஆய்வுகள் திருச்சபை ஆவணங்களோடு நின்றுவிடாமல் இத்தகைய படைப்புகளையும் மூலங்களாகக் கொள்வது தகும்.

இக்கரையின் பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்வதில்லை. ஓய்வுநாளையும், ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு அளிக்கப்படும் ஓய்வையும் 71ஆம் பத்தி பேசுகிறது. ஞாயிறு ஓய்வு உலகோடுள்ள உறவையும் குணப்படுத்தும் என்கிறது 237ஆம் பத்தி. வாரத்தில் ஒரு நாள் வலை நனையாதிருப்பது கடலுக்கும் ஓய்வாகிறது. இவ்வழக்கம் சூழலியல் நோக்கோடு தோன்றியது எனக் கூறுவது மிகையாகும். திருப்பலிக் கடமையே அதன் தோற்றுவாய். ஆனால் நோக்கம் வேறாயினும் பயன் நேர்வதைக் காணும்போது, திருமடலின் ஓய்வுநாள் இறையியலுக்கு அதில் இல்லாத ஒரு கடல்சார் எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

இக்கரையை மாசற்ற மரபின் உறைவிடமாகப் புனைவதும் பிழையே. இழுவை மடி கொண்ட விசைப்படகுகள் பெருகியபோது, அவற்றுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் இடையே கடலிலும் கரையிலும் மோதல்கள் மூண்டன. விசைப்படகுகள் கரையிலிருந்து 3 கடல் மைல் தொலைவுக்குள் மீன்பிடிப்பதைத் தடைசெய்த 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இப்பின்னணியில் எழுந்தது. கத்தோலிக்கர் நிறைந்த கரைகளில் இரு தரப்பிலும் இருந்தோர் ஒரே நம்பிக்கையினர். பூமியின் கதறலையும் ஏழைகளின் கதறலையும் ஒருங்கே கேட்கச் சொல்கிறது 49ஆம் பத்தி. ஏழையின் வலையை அறுப்பவரும் அதே பலிபீடத்தின்முன் மண்டியிடும்போது என்ன செய்வது என்பதற்கு மனமாற்றம் என்னும் பொது அழைப்பைக் கடந்த விடை அதில் இல்லை. திருமடலின் மெலிவான இடம் இது.

இடிந்தகரை இன்னொரு சான்று. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக 2011 முதல் வலுப்பெற்ற போராட்டம் அவ்வூர் லூர்து அன்னை ஆலய வளாகத்தை மையமாகக் கொண்டது. 2012 செப்டம்பரில் மக்கள் கடலுக்குள் இறங்கி நின்று போராடினர். அதை முற்றிலும் சமயப் போராட்டமாகச் சுருக்குவது பொருந்தாது. வாழ்வாதாரமும் பாதுகாப்பும் அதன் மைய வினாக்கள். அணுமின்சாரம் பற்றித் திருமடல் தீர்ப்பு எதையும் வழங்கவில்லை. ஆனால் திட்டங்கள் குறித்த விவாதத்தில் உள்ளூர் மக்களுக்குச் சிறப்பிடம் வேண்டும் என்னும் 183ஆம் பத்தியின் கருத்து, அது எழுதப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இக்கரையில் கோரிக்கையாக ஒலித்தது. கரை ஆவணத்துக்காகக் காத்திருக்கவில்லை.

2023இல் வெளிவந்த ‘லௌதாத்தே தேயும்’ என்னும் ஊக்கவுரை, மனிதரைப் பிற உயிர்களோடு பிணைத்து, அவற்றின் நடுவே இருத்திப் பார்க்கும் மனிதமையத்தை முன்வைக்கிறது. இது ஒரு முன்னேற்றமே. ஆயினும் கடலுக்கான விளக்க நெறிக்குத் தொடக்கநூலிலேயே ஒரு வாய்ப்பு உண்டு. 1:28இல் மனிதருக்கு ஆட்சி வழங்கப்படுவதற்கு முன்னரே, 1:22இல் நீர்வாழ் உயிர்கள் பல்கிப் பெருகிக் கடல்நீரை நிரப்பும் ஆசியைப் பெறுகின்றன. 67ஆம் பத்தியின் வாதத்தில் அவ்வசனம் இடம்பெறவில்லை. அதை முன்வைத்து ஆட்சி வசனத்தை வாசித்தால், ஆளப்படும் மீன் முன்னமே ஆசி பெற்ற மீனாகிறது. குஞ்சுகளையும் முட்டைகளையும் சேர்த்து வாரும் இழுவை மடி அவ்வாசியை மறிக்கும் செயலாகிறது.