மலைப்பாதைக்கு ஒரு வீட்டு டிஃபரன்ஷியல்: பிடியும் பிழையும்

கச்சிராயப்பாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டரில், ஓட்டுநரின் வலது குதிகாலருகே ஒரு சின்ன மிதி இருக்கும். டயர் சேற்றில் சுழன்றால் அதை அழுத்துவார். பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டி மேலேறிவிடும். டிஃபரன்ஷியல் லாக் என்று அதற்குப் பெயர். அதே ஊரிலிருந்து கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் பழைய ஜீப்பிலோ பிக்கப்பிலோ அந்த மிதி கிடையாது. தார்ச்சாலையை விட்டு மரவள்ளித் தோட்டத்து மண்பாதையில் இறங்கியதும், ஐப்பசி மழையில் ஒரு சக்கரம் சும்மா சுற்றும், மற்றது அசையாமல் நிற்கும்.

வண்டி வைத்திருப்பவர் காயலான் கடைப் பாகங்களைக் கொண்டு தானே ஒரு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் செய்துகொண்டால் என்ன என்று யோசிப்பது இங்கேதான். அந்த யோசனை பழிக்கத்தக்கது அல்ல. வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலை, ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்ததே 1976இல்தான். 2024இல் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மலை மக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்தபோது, சாலை வசதியும் அதில் பேசப்பட்டது. பாதை சரியாக வரும்வரை கிழங்கு மூட்டையும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் காத்திருக்க முடியாது. ஆகவே இந்த முயற்சியை அதன் வேலைத்தரத்தை வைத்தே எடைபோட வேண்டும்.

சாதாரண டிஃபரன்ஷியலின் குணம் எளிமையானது: இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே அது கொடுக்கும். சேற்றில் நிற்கும் சக்கரம் 200 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்றால், கெட்டித்தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் 200தான் போகும். உள்ளே 150 நியூட்டன் மீட்டர் அளவுக்கு உராய்வு வைத்தால், பிடியுள்ள சக்கரத்துக்கு 350 கிடைக்கும். லிமிடெட் ஸ்லிப்பின் சாரம் இந்தக் கூட்டல்தான். 1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்காக ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் செய்ததும் அடிப்படையில் இதுவே. அந்த உராய்வை எப்படி உண்டாக்குவது என்பதில்தான் வீட்டுமுறைகள் பிரிகின்றன.

முதல் முறை, வெல்டிங். டிஃபரன்ஷியல் கேஸைத் திறந்து, நடுவிலுள்ள சின்னப் பற்சக்கரமான ஸ்டார் பினியனையும் ஆக்சில் ஷாஃப்டோடு சேரும் சன் கியரையும் சேர்த்துப் பற்றவைத்துவிடுவது. செலவு மிகக் குறைவு. சேற்றுப் பந்தயத்துக்கு மட்டும் ஓடும் ஜீப்புக்கு இது உதவவும் கூடும். ஆனால் இது லிமிடெட் ஸ்லிப்பே அல்ல, நிரந்தரப் பூட்டு. இரு பின்சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் அகலமுள்ள வண்டி ஒரு முழுக் கொண்டை ஊசி வளைவைச் சுற்றினால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 4.4 மீட்டர் அதிகம் உருள வேண்டும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வித்தியாசம் மாறாது. பற்றவைத்த அச்சில் அந்த 4.4 மீட்டரை டயர் இழுபட்டுத்தான் தீர்க்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும்; ஈரத்தாரில் பின்பக்கம் வழுக்கும். போதாக்குறைக்கு, மேற்புறம் கடினமாக்கப்பட்ட கியர் பற்கள் வெல்டிங் சூட்டில் நொறுங்கும் தன்மை பெறுகின்றன. உடைந்த துண்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் சுழற்சியை அச்சுக்குத் திருப்பும் கிரவுன் பினியனுக்கு நடுவே சிக்கினால், இறக்கத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மலைக்கு ஆள் ஏற்றும் வண்டியில் இதற்கு இடமே இல்லை.

இரண்டாவது, வாஷர் அல்லது ஸ்பிரிங் வைத்து சன் கியரை இறுக்குவது. கியருக்குப் பின்னால் சிம் எனப்படும் தடித்த வளையத்தகடு போடுவார்கள். அல்லது இரு சன் கியர்களுக்கும் நடுவே தகட்டோடு ஸ்பிரிங்குகளைத் திணிப்பார்கள். இதில் மெய்யான நன்மை உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் சிறிதளவு விசை மற்றதற்குப் போகும். சிம்மையோ ஸ்பிரிங்கையோ எடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும். குறை, ஆயுளில். உராய்வுக்கென்று செய்யப்படாத கேஸின் உட்சுவர் தேய்கிறது. தேய்ந்த பொடி எண்ணெயோடு கலந்து பேரிங்குகளைத் தின்கிறது. சிம் கூடுதலானால் ஸ்டார் பினியனுக்கும் சன் கியருக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளி மறைந்து பற்கள் இறுகும். அது தெரியாமல் பூட்டியவருக்கு, முதல் சில வாரங்கள் வண்டி பிரமாதமாக ஏறுவதாகத்தான் தோன்றும்.

மூன்றாவது, பழைய கிளட்ச் தகடுகளை அடுக்கி உராய்வுக் கட்டு செய்வது. அறிவுக்கு மிகவும் உவப்பான முறை இது. பைக் கிளட்ச் பிளேட் எண்ணெயில் ஊறி வேலை செய்வதால் பொருத்தம் போலத் தெரியும். ஆனால் அது என்ஜின் எண்ணெய்க்கென்று செய்தது. டிஃபரன்ஷியலில் ஊற்றும் ஈ.பி. 90 கியர் எண்ணெயின் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்களும் சூடும் சேர்ந்தால், ஒட்டிய உராய்வுப் பட்டை நெடுநாள் நிற்கும் என்று நம்ப முடியாது. எஃகுத் தகடுகளின் காதுகளுக்காக கேஸில் பள்ளம் வெட்டினால், முழு வண்டியின் இழுவையைத் தாங்கும் வார்ப்பிரும்பு அங்கே மெலிகிறது.

நான்காவது வழிதான் உருப்படியானது: கம்பெனியிலேயே லிமிடெட் ஸ்லிப் அல்லது லாக்கிங் டிஃபரன்ஷியலோடு வந்த வண்டியின் யூனிட்டைச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தையில் தேடி எடுத்துப் பொருத்துவது. மஹிந்திரா தாரின் சில ரகங்களிலும் 2021இல் வந்த பொலேரோ நியோவின் உயர்ரகத்திலும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் உண்டு. இரு சக்கரங்களுக்கிடையே நிமிடத்துக்கு 100 சுற்று அளவுக்கு வித்தியாசம் வந்தால் இவ்வகை பூட்டிக்கொள்ளும்; மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பூட்டாது. அந்த வேகத்தில் பூட்டுவது ஆபத்து என்று தெரிந்தே உள்ளே ஒரு கவர்னர் வைத்திருக்கிறார்கள். வெல்டிங்கிலும் ஸ்பிரிங்கிலும் இந்தக் காவல் இல்லை.

யூனிட் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. ஆக்சில் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் எண்ணிக்கை, கிரவுன் போல்ட் துளைகள், பேரிங் இருக்கை மூன்றும் பொருந்த வேண்டும். முழு அச்சையே மாற்றினால், நான்கு சக்கர இழுவையுள்ள ஜீப்பில் முன், பின் கிரவுன் பினியன் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் கெடும். டயல் கேஜ் வைத்து, பற்களுக்கிடையே உள்ள இடைவெளியான பேக்லாஷைப் பார்க்க வேண்டும். பல ஜீப் அச்சுகளில் அது மில்லிமீட்டரில் கால்பங்கைத் தாண்டக்கூடாது. பற்களில் சாயம் தடவி, தொடும் இடம் நடுவில் விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். கடைசியாக, கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின்சக்கரத்தைத் தூக்கி, டார்க் ரெஞ்சால் அதைத் திருப்பி, எவ்வளவு விசையில் நழுவுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே சோதனையைச் செய்தால் தேய்மானம் எண்ணாகத் தெரியும்.

இந்த ஒப்பீட்டில் பழைய பாகம் குற்றவாளியாக எங்கும் அகப்படுவதில்லை. நல்ல எஃகுக் கியர் பல வண்டிகளைத் தாண்டி உழைக்கும். அளவெடுக்காமல் பூட்டுவதுதான் எல்லா முறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் குற்றம். கள்ளக்குறிச்சியின் லேத் பட்டறைகளில் காணும் கைத்திறன் சாதாரணமானதல்ல. டயல் கேஜும் டார்க் ரெஞ்சும் அதோடு சேராதபோதுதான் அந்தத் திறன் வீணாகிறது. அதே மலையின் கருமந்துறையில் பழங்குடியினருக்கென்று அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. டிஃபரன்ஷியல் அமைப்பை அளவோடு பிரித்துப் பூட்டும் பயிற்சியை அங்கே கற்றுக்கொடுத்தால் மலைக்கு நேரடிப் பயன் உண்டு.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு முன் செலவில்லாத வழிகளையும் பார்த்தாக வேண்டும். பின்சக்கர டிரம்மைப் பிடிக்கும் கைபிரேக் உள்ள வண்டியில் அதை இலேசாக இழுத்தால், சுழலும் சக்கரத்துக்குத் தடை கிடைத்து மற்றதற்கு விசை போகும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் கைபிரேக் கொண்ட வில்லிஸ் வகை ஜீப்பில் இது பலிக்காது. ஆழமான பட்டன் உள்ள டயர், மண்பாதையில் சற்றே குறைத்த காற்று, வெறும் பிக்கப்பில் பின்னச்சின் மேல் கொஞ்சம் பாரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பலருக்கு டிஃபரன்ஷியலைத் திறக்கும் தேவையே வராது.

சட்டம் வேறொரு பக்கத்தில் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பற்றவைத்த அச்சுகள் பொதுச்சாலைக்கு வருவதைத் தடுக்க இந்தக் கண்டிப்பு தேவை. ஆனால் ஒழுங்காகச் செய்தவரும் பற்றவைத்தவரும் ஒரே தண்டனைக்கு உள்ளாவது நியாயமாகப் படவில்லை. சி.என்.ஜி. கிட்டுக்கு வகை அங்கீகாரம் தந்து, பொருத்தியபின் ஆர்.சி.யில் குறித்துக்கொடுக்கும் முறை இந்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் வாகனச் சோதனை மையமும் இருக்கிறது. மலைப்பகுதிகளில் அதிகம் ஓடும் சில அச்சு வகைகளுக்காவது லிமிடெட் ஸ்லிப் கிட்டை அங்கே சோதித்து, இதே முறையில் அங்கீகரிக்கலாம். அப்போது வெள்ளிமலைக்கு ஏறும் வண்டிக்காரர் வெல்டிங் ராடைத் தேடாமல், பேக்லாஷும் நழுவும் விசையும் எழுதிய தாளோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே நேராகப் போக முடியும்.