ராஜா கெச்சில்: ஜொகூர் அரியணை கேட்டு வந்தவரைப் பற்றிய முந்நூறு ஆண்டு எழுத்துகள்

மெர்சிங் படகுத்துறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தியோமான் தீவுதான் குறி. படகு வரும்வரை ஊரைச் சுற்றிப் பார்ப்பதோடு சரி. ஆனால் ஜொகூரின் பழைய வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கரை முக்கியமானது. தெற்கே சாலை வழியாகப் போனால் கோத்தா திங்கி. அங்கே 1699இல் சுல்தான் மஹ்மூட் ஷா கொல்லப்பட்டார். வடக்கே கடலோரமாகப் போனால் பகாங் ஆற்றின் முகத்துவாரம். அங்கே 1721இல் சுல்தான் அப்துல் ஜாலில் கொல்லப்பட்டார். இரண்டு அரச கொலைகளுக்கும் நடுவில் கிடக்கிறது மெர்சிங் கடற்கரை.

இந்த இரு கொலைகளையும் இணைப்பவர் ராஜா கெச்சில். கொலையுண்ட மஹ்மூடின் மகன் நான் என்று சொல்லிக்கொண்டு சுமத்ராவிலிருந்து வந்து, 1718இல் ஜொகூர் அரியணையில் அமர்ந்தவர். அவர் உண்மையான இளவரசரா, போலியா என்ற கேள்வியை முந்நூறு ஆண்டுகளாகப் பலர் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளை வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜா கெச்சில் யார் மகன் என்பதைவிட, மஹ்மூடுக்கு ஒரு மகன் இருந்தாக வேண்டும் என்று ஏன் ஆயிரக்கணக்கானோர் விரும்பினார்கள் என்பதே வரலாற்றின் கேள்வி.

இங்கிலாந்தின் இருவர்

இதே கேள்வியை இங்கிலாந்தும் சந்தித்திருக்கிறது. 1483இல் லண்டன் கோட்டையில் வைக்கப்பட்டிருந்த இரண்டு இளவரசர்கள் காணாமற்போனார்கள். 1485இல் போர்க்களத்தில் வென்று முடிசூடிய ஏழாம் ஹென்றியுடன் டியூடர் ஆட்சி தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் லாம்பர்ட் சிம்னெல் என்ற சிறுவனை அரச வாரிசு என்று சொல்லி டப்ளினில் முடிசூட்டினார்கள். ஸ்டோக் போரில் அந்தத் தரப்பு தோற்றது. ஹென்றி சிறுவனைக் கொல்லாமல் அரண்மனைச் சமையற்கட்டில் வேலைக்கு வைத்தார். அடுத்து வந்த பெர்கின் வார்பெக், காணாமற்போன இளவரசர்களில் இளையவர் நான்தான் என்றார். ஸ்காட்லாந்து மன்னர் அவரை ஏற்றுத் தம் உறவுப் பெண்ணையே மணம் முடித்துக் கொடுத்தார். 1499 நவம்பரில் வார்பெக் லண்டனில் தூக்கிலிடப்பட்டார்.

இருவருக்கும் பொதுவானவை இரண்டு. முறையான வாரிசின் முடிவு மக்கள் கண்முன் நிகழவில்லை. அரியணையில் இருந்தவரின் உரிமையும் ஐயத்துக்கு இடமானது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் உரிமை கோரி ஒருவர் எழுகிறார். கோத்தா திங்கியிலும் இவை இரண்டும் சேர்ந்தன.

ஒரு கொலை, இரண்டு கதைகள்

மலேசியாவில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை இது. மெகாட் ஸ்ரீ ராமா என்ற படைத்தலைவர் வெளியூர் போயிருந்தார். கர்ப்பிணியான அவர் மனைவிக்குப் பலாப்பழத்தின் மேல் ஆசை வந்தது. சுல்தானுக்குப் போக வேண்டிய பழத்திலிருந்து ஒரு சுளையை வாங்கித் தின்றாள். செய்தி கேட்ட சுல்தான் அவள் வயிற்றைக் கிழிக்கச் சொன்னார். கணவர் திரும்பி வந்தார். ஆட்களின் தோளில் சுமக்கப்பட்டுத் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த சுல்தானைக் குத்திக் கொன்றார். அதனால்தான் அந்த அரசருக்கு ‘சுமந்து செல்லும்போது மாண்டவர்’ என்ற பொருளில் மலாய்ப் பட்டப் பெயர் நிலைத்தது. கோத்தா திங்கியில் அவர் பெயர் தாங்கிய கல்லறை இன்றும் இருக்கிறது. படைத்தலைவருடையது என்று சொல்லப்படும் கல்லறையும் அதே ஊரில்தான். 1961இல் கே. எம். பாஸ்கர் இக்கதையை மலாய்த் திரைப்படமாக்கினார்.

ஆனால் அக்காலத்தில் இங்கே வந்துபோன ஸ்காட்லாந்து வணிகர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் நூலில் பலாச்சுளையும் இல்லை, பல்லக்கும் இல்லை. அவர் 1695இல் ஜொகூருக்கு வந்தபோது மஹ்மூடுக்கு இருபது வயதளவில் இருக்கும். ஹாமில்டன் ஒரு சோடி கைத்துப்பாக்கிகளைப் பரிசாகக் கொடுத்தார். சுல்தான் அவற்றைத் தெருவில் போன ஓர் ஏழையின் உடம்பில் சுட்டுப் பார்த்ததாக எழுதுகிறார். அடுத்து அவர் சொல்வது இன்னும் முக்கியமானது. மகன் பெண்களை நாடவில்லையே என்று கவலைப்பட்ட தாய், ஓர் அழகிய பெண்ணை அவரிடம் அனுப்பினாள். அவள் நெருங்கி அணைக்கப் போனதற்காக அவள் கைகளை முறிக்கச் செய்தார் சுல்தான். மறுநாள் அவள் தந்தையின் தலையைக் கேட்டார். அந்தப் பிரபு தலை கொடுக்க மறுக்கவே, சுல்தானே ஈட்டியோடு போனார். வாசலில் நுழையும்போது பிரபுவின் ஈட்டி அவர் மார்பில் பாய்ந்தது.

ஹாமில்டன் எழுதியது அத்தனையையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1727இல் அச்சேறிய நூல் அது. ஆனால் ஒரு செய்தியில் மலாய்ச் சுவடிகளும் அவரும் ஒத்துப்போகிறார்கள். மஹ்மூட் பெண்களோடு வாழவில்லை. பிள்ளை இல்லாமல் இறந்தார். மலாக்கா அரச வம்சத்தின் நேர்வழி அவரோடு முடிந்தது.

சியாக்கும் பெனயெங்காட்டும்

மஹ்மூட் இறந்ததும் முதலமைச்சரான பெண்டஹாராவே சுல்தானாகி, அப்துல் ஜாலில் என்று பெயர் சூடினார். திறமையற்றவர் அல்லர். ஆனாலும், கொலையால் காலியான அரியணையில் அமைச்சர் குடும்பம் ஏறியதைப் பலரால் ஏற்க முடியவில்லை.

1717 வாக்கில் சுமத்ராவின் பெங்காலிஸில் ராஜா கெச்சில் ஆள் திரட்டினார். மினாங்கபாவ் நாட்டின் பகாருயோங் அரண்மனை தம்மை வளர்த்தது என்றார். அவர் கதையை விரிவாகச் சொல்வது பின்னாளில் அவர் நிறுவிய சியாக் அரசின் சரித்திரமான ‘ஹிகாயத் சியாக்’. மஹ்மூடின் கடைசி நாட்களில் எஞ்சே போங் என்ற பெண் இயல்புக்கு மாறான அற்புத முறையில் கருவுற்றாள், கொலைக்குப் பின் பிள்ளை காப்பாற்றப்பட்டுப் பகாருயோங்கில் வளர்ந்தான் என்பது அதன் சாரம். ஹாமில்டனையும் இதையும் அடுத்தடுத்துப் படித்தால் அற்புதம் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். அரசர் பெண்களைத் தொடாதவர் என்று ஊரே அறிந்திருந்தது. அந்த அறிவை மறுக்காமல், அதற்கு இடம் கொடுத்தே வாரிசை உண்டாக்குகிறது சுவடி.

எதிர்த்தரப்பு எழுத்து, பெனயெங்காட் தீவில் வாழ்ந்த அறிஞர் ராஜா அலி ஹாஜி 1860களில் எழுதத் தொடங்கிய ‘துஹ்ஃபத் அல்-நஃபீஸ்’. மலாய் வரலாற்று நூல்களில் தலைசிறந்தது. பல சுவடிகளை ஒப்பிட்டு, சியாக் தரப்பு இப்படிச் சொல்கிறது என்று குறித்துவிட்டு மேலே செல்லும் நேர்மை அவரிடம் உண்டு. ஆனால் ராஜா கெச்சிலைப் பின்னர் துரத்திய பூகிஸ் இன வீரர்களின் வழித்தோன்றல் அவர். வென்ற குடும்பத்தின் பேரன் எழுதிய வரலாறு என்பதை மறந்து அதைப் படிக்கக் கூடாது. சியாக் சுவடியோ தோற்றுப்போனவரின் குடும்பம் காத்து வைத்தது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே முழு உருவம் கிடைக்கும்.

நவீன ஆய்வாளர்கள்

1870இல் நெட்சர் என்ற டச்சு அதிகாரி ஜொகூர்–சியாக் உறவை டச்சு ஆவணங்களிலிருந்து எழுதினார். 1932இல் ரிச்சர்ட் வின்ஸ்டெட் ஜொகூர் வரலாற்றைத் தொகுத்தார். இருவருக்கும் யார் எப்போது ஆண்டார் என்பதே முதன்மை. திருப்பம் 1975இல் வந்தது. லெனார்ட் அண்டாயா 1641 முதல் 1728 வரையான ஜொகூரை ஆராய்ந்து, 1699ஆம் ஆண்டுக் கொலையை மையத்தில் வைத்தார். அரசரின் புனிதத்தை நம்பிய சமூகத்தில் அரசரைக் கொன்றது எத்தகைய பிளவை உண்டாக்கியது என்பதைக் காட்டினார்.

மினாங்கபாவ் பின்னணிக்கு நாம் பெருமையோடு சுட்ட வேண்டிய பெயர் ஜெயமலர் கதிர்தம்பி-வெல்ஸ். பகாருயோங் பெயரால் 1680களில் டச்சுக்காரர்களுக்கு எதிராகப் புனிதப் போர் அறிவித்த அகமது ஷாவைப் பற்றி 1970இலேயே அவர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஜேன் டிரேக்கார்ட் 1999இல் பகாருயோங்கின் முத்திரைக் கடிதங்களுக்கு இருந்த மந்திர சக்தியை விளக்கினார். படை அதிகமில்லாத அந்த அரண்மனையால், கடிதத்தைக் கொண்டே தொலைவிலிருந்த மக்களைத் திரட்ட முடிந்தது. ராஜா கெச்சில் தனியாக முளைத்தவர் அல்லர், அத்தகைய இளவரசர்கள் வரிசையில் ஒருவர் என்பது இவர்களால் தெளிவாகிறது. திமத்தி பர்னார்ட் 2003இல் எழுதிய நூல், அவர் நிறுவிய சியாக் அரசு எப்படிப் பல இன மக்களைச் சேர்த்துக் கட்டப்பட்டது என்று காட்டுகிறது.

கடல் மக்களின் தீர்ப்பு

1718 மார்ச்சில் ராஜா கெச்சில் ஜொகூர் தலைநகரைப் பிடித்தார். வெற்றியைத் தீர்மானித்தவர்கள் ஓராங் லாவுட் எனப்படும் கடல் மக்கள். படகே வீடாக வாழ்ந்தவர்கள். அரசருக்குத் துடுப்புப் போட்டவர்களும், கடல்வழியைக் காத்தவர்களும் அவர்களே. போர் மூண்டபோது அப்துல் ஜாலிலை விட்டுவிட்டு ராஜா கெச்சில் பக்கம் போனார்கள்.

அவர்கள் ஏமாந்துபோனார்கள் என்று சொல்வது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களுடைய விசுவாசம் பாலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங் மலையில் தோன்றியதாகச் சொல்லப்படும் வம்சத்துக்கு உரியது. ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூல் அந்த வம்சத்தின் முன்னோராக ராஜா சூரன், ராஜா சூலன் என்னும் மன்னர்களைச் சொல்கிறது. ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பின் நினைவு இதில் கலந்திருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இந்த வம்சத்தின் கடைசி அரசரைக் கொன்றதை ஏற்காதவர்களுக்கு, ஏற்கவில்லை என்று சொல்ல ஒரே வழிதான் இருந்தது. அவருக்கு மகன் உண்டு என்று நம்புவதே அந்த வழி.

பிறகு நடந்தவை வேகமானவை. அப்துல் ஜாலிலின் மகள் தெங்கு காமாரியாவை ராஜா கெச்சில் மணந்தார். தங்கைக்கு நடந்த இத்திருமணத்தால் அவமானப்பட்ட அக்காள் தெங்கு தெங்கா, பூகிஸ் சகோதரர்களான டாயெங் பரானி முதலானோரை உதவிக்கு அழைத்தாள். தப்பியோடிய அப்துல் ஜாலில் 1721இல் ராஜா கெச்சிலின் ஆட்களால் கொல்லப்பட்டார். பூகிஸ் படை 1722இல் ராஜா கெச்சிலை விரட்டி, அப்துல் ஜாலிலின் மகன் சுலைமானை அரியணையில் அமர்த்தியது. ராஜா கெச்சில் சியாக் ஆற்றங்கரையில் புது அரசை நிறுவினார். மனைவி இறந்தபின் மனம் பேதலித்து அவள் கல்லறையிலேயே கிடந்தார் என்று சுவடிகள் சொல்கின்றன. 1746இல் இறந்தார். அவர் நிறுவிய அரசு 1940கள் வரை நீடித்தது.

தஞ்சைக் காட்டு ராஜா

ஏறத்தாழ அதே காலத்தில் தஞ்சையிலும் இப்படி ஓர் உரிமைக் கோரல் எழுந்தது. மராட்டிய மன்னர் துளஜா 1736இல் இறந்தபின் தஞ்சை அரியணை அடுத்தடுத்துக் கைமாறியது. 1738இல் கோட்டைத் தளபதி சையதுவின் துணையோடு ஷாஜி என்பவர் அரசரானார். மக்கள் அவரைக் காட்டு ராஜா என்றார்கள். 1739இல் அவர் அரியணையிலிருந்து இறக்கப்பட்டு, பிரதாபசிங் பட்டத்துக்கு வந்தார். 1749இல் ஷாஜிக்கு உரிமை வாங்கித் தருகிறோம் என்று படையெடுத்த ஆங்கிலேயர், தேவிகோட்டை கைக்கு வந்ததும் அவர் உரிமையைக் கைவிட்டார்கள். மராட்டிய அரண்மனைத் தரப்பு அவரைப் பணிப்பெண்ணின் மகன் என்கிறது. ஆங்கிலேய வரலாற்றாளர் ஓர்ம் அவரைப் பதவி பறிக்கப்பட்ட மன்னராகவே எழுதுகிறார். தஞ்சை மராட்டியரின் வரலாற்றைப் பெரிய கோயிலில் கல்லில் வெட்டச் செய்த இரண்டாம் சரபோஜி, பிரதாபசிங்கின் குடும்பத்துக்குத் தத்து வந்தவர். இங்கும் வென்ற குடும்பமே எழுதியது.

முடிவாக

ராஜா கெச்சில் மஹ்மூடின் மகன் என்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. ஹாமில்டன் சொல்வதும், சியாக் சுவடி நாடும் அற்புதமும் அதற்கு எதிராகவே நிற்கின்றன. ஆனால் அவரைப் போலி என்று சொல்லி முடித்துவிட்டால், அவருக்காகப் படகுகளைத் திருப்பிய கடல் மக்களை நாம் மூடர்களாக்கிவிடுகிறோம். அவர்கள் ஒரு கொலைக்கு நீதி கேட்டார்கள்.

மலேசியத் தமிழர்களின் வரலாற்று வாசிப்பு பெரும்பாலும் தோட்டத்திலும் ரயில்பாதையிலும் தொடங்குகிறது. அதற்கு முன்பும் இந்த மண்ணுக்கு வரலாறு உண்டு. சோழர் நினைவு கலந்த வரலாறு அது. துஹ்ஃபத்தையும் ஹிகாயத் சியாக்கையும் மலாய் மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவரும் பணியை நம் எழுத்தாளர் சங்கங்களும் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகளும் கையில் எடுக்க வேண்டும். மலாய்ப் பள்ளியில் படித்து, தமிழில் எழுதத் தெரிந்த தலைமுறை ஒன்று இன்று நம்மிடம் இருக்கிறது. அந்தப் பணியைச் செய்ய அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.