யார் செத்தார், எப்படிச் செத்தார்: சாவுப் பதிவேட்டை வாசித்தல்

குடும்ப வரலாறு தேடுவது நம் சூழலில் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, 'பூர்வீகம்' தேடுவது. பாட்டனுக்குப் பாட்டன் பாளையக்காரராகவோ, குறைந்தபட்சம் ஊர்ப் பெரியதனமாகவோ இருந்தார் என்று நிறுவி, சாதிச் சங்க மலரில் ஒரு பக்கம் பிடிப்பது. இன்னொன்று, பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் பறிபோன பஞ்சமி நிலத்துக்குமாகத் தாத்தன் செத்த தேதியைத் தேடி அலைவது. முன்னவரை ஆய்வாளர் என்கிறோம். பின்னவரை மனுதாரர் என்கிறோம். இருவரும் திறக்க வேண்டிய பதிவேடு ஒன்றுதான். அது எப்படிப்பட்ட பிரதி, யார் எழுதியது, யாரை எழுதாமல் விட்டது என்பதை மனுதாரரின் பக்கமிருந்து வாசித்துப் பார்க்கலாம்.

தேனி மாவட்டத்தின் மிகப் பழைய சாவுப் பதிவு ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் இருக்கிறது. 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களில் ஒன்று, கூடல் ஊர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் ஒரு கூடலூர் உண்டு. இரண்டும் ஒன்றுதானா என்ற விவாதத்தைத் தொல்லியலாருக்கு விட்டுவிடுவோம். நமக்கு முக்கியம் கல்லில் உள்ள விவரம். யார் செத்தார், எந்த ஊரில், எதனால். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கல் மூன்றையும் சொல்லிவிடுகிறது. இன்று அரசு தரும் இறப்புச் சான்று மூன்றாவதைச் சொல்லாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் (1969), 17ஆம் பிரிவு, பதிவேட்டில் எழுதப்பட்ட சாவின் காரணத்தைச் சான்றில் வெளியிடக் கூடாதென்று தடுக்கிறது. அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் காரணம் அரசின் புள்ளிவிவரத்துக்குப் போய்ச் சேர்கிறது, பேரன் கைக்கு வருவதில்லை. சாவைப் பற்றிய அறிவு யாருடைய சொத்து என்ற கேள்வி இங்கிருந்தே தொடங்குகிறது.

காமயகவுண்டன்பட்டியில் ஒருவர் தேடத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் இப்போது பேரூராட்சி, ஆகவே பதிவும் அங்கேதான். சுற்றியுள்ள ஊராட்சிக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரிடம். பழையவற்றுக்கு உத்தமபாளையம் தாலுகா அலுவலகமும் சார்பதிவாளர் அலுவலகமும் ஏறி இறங்க வேண்டும். 1996இல் தேனி தனி மாவட்டமானது, அதற்கு முந்தைய காகிதங்களில் மாவட்டம் என்று மதுரைதான் நிற்கும். 1980இல் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதற்கு முன்பு பதிவேடு, ஊரில் ஆதிக்கம் செய்த குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் எழுதப்பட்டது. அத்திண்ணையில் ஏற முடியாதவர்களின் சாவு எப்படிப் பதிவாகியிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். வெட்டியானும் தலையாரியும் கீழே நின்று சொன்னதை முன்சீப் மேலே உட்கார்ந்து எழுதினார். சொன்னவன் பெயர் வரலாற்றில் இல்லை.

இன்னொரு சிக்கல். சாவு நடந்த இடத்தில்தான் பதிவு. ஏலத்தோட்டத்துக்குப் போன இடத்தில் செத்தவருக்கு வண்டன்மேட்டிலோ வண்டிப்பெரியாறிலோ மலையாளத்தில் பதிவு இருக்கும், இருந்தால். ஆஸ்பத்திரியில் செத்தால் ஆஸ்பத்திரி உள்ள ஊரில். 'எங்க ஊர்க்காரருக்கு எங்க ஊர்ல பதிவு இல்லியே' என்று திகைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, உசிர் எங்கே போச்சு என்பதைத்தான். எங்குமே இல்லையென்றால் 'பதிவில் இல்லை' என்றே ஒரு சான்று தருவார்கள். ஓராண்டு கடந்த சாவைப் புதிதாகப் பதிய மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பின் அந்த அதிகாரம் மாவட்ட, கோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஒருவர் இல்லாமல் போனதை நிரூபிக்க அவர் இருந்தார் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். ரேஷன் அட்டையும் பத்திரமும் இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

பதிவேட்டின் கட்டங்களும் நிரபராதிகள் அல்ல. காலனிய சென்னை மாகாணத்தில் சாவுகளைக் காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், மற்றவை என்று பிரித்தார்கள். பசிக்குக் கட்டம் கிடையாது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் செத்தவன் 'காய்ச்சலில்' செத்தான், 'வயிற்றுப்போக்கில்' செத்தான். தானியம் கப்பலேறியது எந்தக் கட்டத்திலும் வராது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு நெருக்கமான சாவுகளுக்கு வருவோம். 1887இல் தொடங்கி 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் கட்டுமானத்தில் நோயால் மட்டும் 483 பேர் செத்ததாகக் கணக்கிருக்கிறது. அணைக்கு வடக்கே இடுகாடு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த நாம் பென்னிகுக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம், லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் உண்டு. நன்றி தவறில்லை. ஆனால் 483 என்பது எண், பெயர்ப்பட்டியல் இல்லை. இதே மாகாணத்தில் ஐரோப்பியர் கல்லறை வாசகங்களை ஜே.ஜே. காட்டன் தொகுக்க, 1905இல் அரசே புத்தகமாகப் போட்டது. அவர்களது அடக்கப் பதிவு நகல்கள் லண்டனுக்குப் போயின, இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் வாசிக்கலாம். வெள்ளைக்காரனின் பேரன் லண்டனில் உட்கார்ந்து தாத்தனைக் கண்டுபிடிக்கிறான். மண் சுமந்தவனின் பேரன் கம்பத்திலிருந்து பார்த்தால் மலை தெரிகிறது, அவ்வளவுதான்.

அரசுக்குப் பெயர் எழுதத் தெரியாமலில்லை. மதுரைக்கு மேற்கிலும் இப்பள்ளத்தாக்கிலும் பிரமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகையோடு ஆள் ஆளாகப் பதிந்தது அதே அரசுதான். உயிரோடிருப்பவன் தப்பிவிடக் கூடாதென்ற கவலையில் அவ்வளவு துல்லியம். அந்த ரேகைப் பதிவை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஊர் மறக்க மறுத்ததும் நினைவுத்தூண் எழுப்பியதும்தான்.

இனிப் பெண்கள். 1990களில் பெண்சிசுக் கொலையை ஆராய்ந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். அங்கே 'சமூகக் காரணங்களால் மரணம்' என்றொரு குறிப்பு இருந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் உண்மையை எழுதவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் போட்ட இடக்கரடக்கல் அது. ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997இல் அச்சொல்லிலிருந்தே கணக்கெடுத்தார்கள். பதிவேட்டின் மழுப்பலையே சாட்சியாக மாற்றும் வாசிப்பு இது. குடும்ப வரலாறு எழுதுகிறவர்களில் எத்தனை பேர் தம் வம்ச மரத்தில் முளைக்கவிடாத கிளைகளை வரைவார்கள்?

பத்திரிகை மரண அறிவித்தல் காசு கொடுத்து வாங்கும் இடம். தினத்தந்தியில் கட்டம் எடுக்க முடிந்தவர் 'இறைவனடி சேர்ந்தார்', கட்சிக்காரரானால் 'இயற்கை எய்தினார்', கிறித்தவரானால் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. மற்றவர்கள் வெறுமனே செத்துப்போனார்கள். தேடுகிறவருக்கு இவை பயன்படும்: மகன், மருமகன், பேரன், உத்தியோகம், ஊர் எல்லாம் வரிசையாக இருக்கும். சுவரொட்டியில் இன்னும் கூடுதல். வாழ்ந்த காலத்தில் அப்பா விட்டுவிட்ட சாதிப் பட்டம் கண்ணீர் அஞ்சலியில் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். செத்தவருக்குச் செய்தித் திருத்தம் கேட்க வழியில்லை.

அப்படியானால் வாய்மொழிக்குப் போவோம் என்பார்கள். போகலாம். பதிவேட்டில் 'இன்னார் மனைவி'யாக அடைக்கப்பட்டவள் ஒப்பாரியில் பிறந்தவீட்டோடும் அண்ணன் தம்பியோடும் திரும்ப வருகிறாள். கருமாதி மொய் நோட்டு, யார் எந்த உறவுமுறையில் வந்தார் என்று சொல்லும். இராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களில் பங்குக் கோயில் அடக்கப் பதிவேட்டையும் கேட்கலாம். ஆனால் வாய்மொழி என்றவுடன் மெய்மறந்துவிட வேண்டாம். இந்தப் பக்கத்தில் எந்தக் குடும்பத்துக்கு எந்த ஊரில் சம்பந்தம், எங்கே பங்காளி என்பதை மனப்பாடமாக வைத்திருந்தவர் கேதம் சொல்லப் போன தலித். ஊர் ஊராக நடந்து அடுத்தவர் வம்சாவளியைச் சுமந்தவர் அவர். அது கட்டாய வேலை. அதைச் செய்ய மாட்டோம் என்று மறுத்தது போராட்டம். 'அந்தக் காலத்துல கேதம் சொல்றவருக்கு எல்லாம் தெரியும்' என்று இன்று ஏங்குவது, அந்த அடிமைத்தனம் நீடித்திருக்கலாமே என்று ஏங்குவதுதான். அவர் வீட்டுச் சாவுக்கு யார் கேதம் சொன்னார்கள்?

ஆகவே செய்ய வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. சட்டப்படி யாரும் பதிவேட்டைத் தேடிப் பார்க்கக் கேட்கலாம், நகல் வாங்கலாம். கேட்போம். சேரியிலும் தோட்ட லயத்திலும் இன்றைக்கு எழுபது எண்பது வயதானவர்களிடம் பெயர், ஊர், செத்த விதம் மூன்றையும் எழுதி வாங்குவோம். பெண்ணை அவள் பெயரில் எழுதுவோம், சொன்னவர் பெயரையும் சேர்த்து. நிலத்துக்கு மனுப் போடும்போது அந்தத் தாள் சட்டப்படி செல்லாமல் போகலாம். ஆனால் 'உன் தாத்தன்னு ஒருத்தர் இருந்ததுக்கு என்ன அத்தாட்சி' என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும்போது, இந்தப் பக்கம் நிற்பவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.