நல்லதொரு பக் ரிப்போர்ட்

'வேலை செய்யவில்லை' என்று ஒற்றை வரியில் வரும் புகாரை வைத்துக்கொண்டு எந்தப் புரோகிராமரும் ஒன்றும் செய்ய முடியாது. மொசில்லாவுக்காக 1998-இல் வந்த, பிழைப் புகார்களைப் பதியும் மென்பொருளான பக்ஸில்லாவில் நல்ல புகார் என்றால் மூன்று சங்கதி இருக்கும்: என்னென்ன செய்தோம், என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது. முதலாவதில்தான் ருசியே. 'பெயரில் மேற்கோள்குறி இருந்தால் மட்டும், சேமி பட்டனை அழுத்தியதும் உறைந்துபோகிறது' என்று ஒருவர் எழுதிவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. கோபக்காரர்களுக்கு இது லேசில் கைவராது.

குறும்புக்கும் இடமுண்டு. உபுண்டு இயங்குதளத்தைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் பதிந்த அதன் முதல் பக், சந்தையில் மைக்ரோசாஃப்ட்டின் ஆதிக்கத்தையே பிழை என்றது. 2013-இல் அவரே அதைத் தீர்ந்ததாக மூடினார். ஆண்ட்ராய்டு முதலானவை வந்து சந்தையே மாறிவிட்டதாம்!