படித்துறைகளைக் கோக்கும் பாதை

கொல்கத்தாவின் நடுவே கிரீக் ரோ என்றொரு தெரு உண்டு. பெயரில் ஓடை இருக்கிறது, தெருவில் இல்லை. ஹூக்ளி ஆற்றிலிருந்து கிளம்பி நகரைக் குறுக்கே கடந்து கிழக்கே உப்பு ஏரிகளை நோக்கிப் போன நீரோடை ஒன்று முன்பு இவ்வழியே ஓடியது. 1737ஆம் ஆண்டுப் புயலில் இங்கே படகுகள் நொறுங்கியதால் இந்தப் பகுதிக்கு டிங்காபாங்கா, அதாவது படகுடைந்த இடம், என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பிறகு ஓடையைத் தூர்த்தார்கள், தெரு வந்தது. இன்று மக்கள் அதன்மேல் நடக்கிறார்கள். நீர் இருந்த இடத்தில் நடப்பது வேறு, நீரோடு நடப்பது வேறு. நகரத்து நீர்க்கரைகளில் நடைபாதை போடும் திட்டம் எதை எடைபோட்டாலும் இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2012இல் பிரின்செப் காட்டிலிருந்து பாபுகாட் வரை, ஹூக்ளியின் கரையில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை திறக்கப்பட்டது. மாலை நேரத்தில் நகரமே அங்கே காற்று வாங்க வருகிறது. அதற்குத் தெற்கே சிறிது தூரத்தில், ஹேஸ்டிங்ஸ் பகுதியில், ஆதிகங்கை ஹூக்ளியோடு சேர்கிறது. அந்தப் பாதையை முகத்துவாரம் வரை நீட்டி, பிறகு ஆதிகங்கையின் ஓரமாகவே அலிப்பூர், காளிகாட், டாலிகஞ்ச் வழியாக கரியா வரை கொண்டுபோக முடியுமா? முடியும் என்றும், கொண்டுபோக வேண்டும் என்றும் நான் நம்புகிறேன். ஆனால் எதை முதலில் செய்வது, யாரை உடன் வைத்துக்கொள்வது என்பதில் பிழை நேர்ந்தால் அது இன்னொரு கிரீக் ரோவாகத்தான் முடியும்.

ஆதிகங்கை ஏதோ ஒரு வடிகால் அல்ல. கங்கையின் பழைய பெருவழி அதுதான்; காளிகாட், பாருய்ப்பூர் வழியாகக் கடலுக்குப் போனது. ஆறு தடம் மாறியபின் தூர்ந்து கிடந்த அதை 1770களில் வில்லியம் டாலி என்ற கம்பெனி ராணுவ அதிகாரி ஆழமாக வெட்டி, கிழக்கே வித்யாதரி ஆற்றோடு இணைத்தார். போய்வரும் படகுகளிடம் சுங்கமும் வாங்கினார். டாலி நாலா, டாலிகஞ்ச் என்ற பெயர்கள் அவரிடமிருந்து வந்தவை. படகுகள் நின்றதும் கரையோர வீடுகள் கால்வாய்க்கு முதுகைத் திருப்பிக்கொண்டன. சாக்கடைக் குழாய்கள் மட்டும் அதை நோக்கி நீண்டன. டாலிகஞ்சிலிருந்து கரியா வரை நீட்டிய மெட்ரோ ரயில் 2009இல் ஓடத் தொடங்கியபோது, அதைத் தாங்கும் சுமார் 300 தூண்கள் கால்வாயின் படுகையிலேயே நின்றன. சென்னைவாசிக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இரண்டு நகரங்களும் நீர்வழியைக் கேட்பாரற்ற காலி மனையாகவே கணக்கில் எடுத்தன.

கரைப்பாதையின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. அது கேட்பாரை உண்டாக்குகிறது. சான்றுக்குத் தொலைவில் போக வேண்டாம். கறிவேப்பிலையும் வாழை இலையும் வாங்கத் தமிழர்கள் கூடும் லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், 1920களில் தோண்டத் தொடங்கிய ரவீந்திர சரோவர் ஏரி இருக்கிறது. விடியற்காலையில் அதன் மரநிழல் பாதைகளில் நடப்பவர்கள் ஏராளம். அந்த ஏரியில், நீரில் நின்று சூரியனை வணங்கும் சத் பூஜையை நடத்தத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்திருந்தும், 2019இல் பூட்டிய கதவுகளை உடைத்துக் கூட்டம் உள்ளே போனது. நடைப்பயிற்சிக்கு வருபவர்களும் சூழல் ஆர்வலர்களும் அதைச் சும்மா விடவில்லை. அடுத்த ஆண்டு தடையைத் தளர்த்தக் கோரிய மனு உச்ச நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. பூஜைக்கு வேறு நீர்த்துறைகள் ஏற்பாடாயின. தினமும் பார்க்கிற கண்ணுக்கு நீரின் நிறம் மாறினால் தெரியும், மீன் செத்து மிதந்தால் தெரியும். சரோவரிலிருந்து மேற்கே நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஆதிகங்கை கறுத்துக் கிடக்கிறது. ஒரே பேட்டையில் இரண்டு நீர்கள். ஒன்றுக்குக் காவல் இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

ஆனால் இந்தப் பலத்துக்குள்ளேயே முதல் குறையும் ஒளிந்திருக்கிறது. ஆதிகங்கையின் கரையில் மனிதர்கள் ஒருபோதும் இல்லாமல் இருந்ததில்லை. தலைமுறைகளாகக் குடிசை போட்டு வாழ்ந்தவர்களும் அந்த நீரைத் தினமும் பார்த்தவர்கள்தான். அவர்கள் சொல்லைக் கேட்கத்தான் ஆளில்லை. 2001இல் ஆயிரக்கணக்கானோரின் குடிசைகள் இடிக்கப்பட்டுக் கரை காலியாக்கப்பட்டது. வேறு கால்வாய்க் கரைகளிலிருந்து எழுப்பப்பட்டவர்களில் பலர் கிழக்கு ஓரத்து நோனாடாங்காவின் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டவர்களின் கதையும் இதுதான்: வேலை நகருக்குள், வீடு நகருக்கு வெளியே. குடிசைக்காரர்தான் ஆற்றைக் கெடுத்தார் என்ற வாதம் பாதி உண்மைகூட இல்லை. மாடி வீடுகளின் கழிவும் அதே நீரில்தான் விழுகிறது. குழாய் மறைவாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். கரையில் இருந்தவரை அகற்றிவிட்டு, நடக்க வருபவருக்கு அந்த மண்ணைத் தருவதைக் காவல் மாற்றம் என்று சொல்லக்கூடாது. அது உடைமை மாற்றம்.

இரண்டாவது குறை வரிசையில் இருக்கிறது. பாதை, விளக்குக் கம்பம், இருக்கை, சுவர்ச் சித்திரம் எல்லாம் ஓராண்டில் முடிகிற வேலைகள், நாடா வெட்டலாம். சாக்கடையைப் பிடித்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்புவது பல ஆண்டு வேலை, அதுவும் மண்ணுக்கடியில். அதனால் எளிய வேலை முந்திக்கொள்கிறது. குளிக்கத் தகுந்த நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக்கிருமி எண்ணிக்கை 2,500ஐத் தாண்டக்கூடாது, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்திய வரையறை. ஆதிகங்கை அந்த எல்லைக்கு எட்டாத் தொலைவில் நிற்கிறது. தூய கங்கைத் தேசிய இயக்கம் சுத்திகரிப்பு நிலையங்களை உள்ளடக்கிய சுமார் 650 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருப்பது நல்ல செய்தி. அந்த வேலை நடக்கும் கரையில் மட்டுமே பாதை அதன் பின்னால் வர வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும் பாதையில் மக்கள் ஒரு மாதம் வருவார்கள்; பிறகு நீரைப் போலப் பாதையும் கைவிடப்படும்.

மூன்றாவது, சிமெண்ட். ஆதிகங்கை ஓத நீர். ஹூக்ளியில் தினம் இருமுறை ஏறும் ஓதம் இதற்குள்ளும் ஏறுகிறது. மழையும் ஓதமும் ஒரே வேளையில் வந்தால் காளிகாட், சேத்லா பகுதிகளின் தாழ்ந்த சந்துகளில் தண்ணீர் நிற்கிறது. ஏறிவரும் நீருக்கு ஒதுங்க இடம் வேண்டும். பாதைக்காகக் கரையை உள்ளே தள்ளிச் செங்குத்தாகச் சுவர் எழுப்பினால் அந்த இடம் போய்விடும். ஓதம் சேற்றையும் கொண்டுவந்து படிய விடுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர்வாராமல் முடியாது. வேலியும் பூத்தொட்டியும் வைத்து அடைத்துவிட்டால் தூர்வாரும் இயந்திரம் எந்த வழியாக இறங்கும்?

சியோலின் சியோங்கியேசியோன் ஓடையைக் காட்டி, அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்பவர்கள் உண்டு. 2005இல் மேம்பாலச் சாலையை அகற்றி 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்தது பெரும் துணிச்சல்தான். ஆனால் அங்கே ஓடும் நீரில் பெரும்பங்கு ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடப்படுவது. அதற்கு ஓயாத செலவு உண்டு. கொல்கத்தாவுக்கு அந்தச் செலவே தேவையில்லை. முகத்துவாரத்தைத் தூர்ந்துபோக விடாமல் வைத்திருந்தால் ஓதமே நாளுக்கு இருமுறை நீர் தரும். இரவல் மாதிரியைவிட இந்த ஊரின் இயல்பையே பாதைக்கு அடிப்படையாகக் கொள்வது நல்லது.

அந்த இயல்பு படித்துறையில் இருக்கிறது. காட் என்றால் படித்துறைதான். காளிகாட்டும் குத்காட்டும் அந்தப் பெயரைச் சுமப்பவை. நடைபாதை நீருக்கு இணையாக ஓடுகிறது, படித்துறையோ நீரை நோக்கி இறங்குகிறது. நடப்பவர் நீரைப் பார்க்கிறார், இறங்குபவர் தொடுகிறார். குளிக்க, துணி துவைக்க, திதி கொடுக்க, சாம்பல் கரைக்க என எல்லா வேலைக்கும் எல்லாச் சாதிக்காரரும் வர்க்கத்தாரும் வந்த இடம் அது. காளிகாட்டில் 2025 ஏப்ரலில் காளி கோயில் பக்தர்களுக்காக ஆகாய நடைபாதை திறந்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகும் வழி சீரானதில் மகிழ்ச்சிதான். கோயில் எந்த நீருக்காக அங்கே அமைந்ததோ, அதற்குப் போகும் வழிக்கும் அதே அக்கறை வேண்டும்.

ஆகவே பாதையின் நீளத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் படித்துறைகளில் அளந்தால் என்ன? சாக்கடை நின்ற ஒரு துறையிலிருந்து சாக்கடை நின்ற அடுத்த துறை வரை, மண்ணும் மரமும் கொண்ட, இயந்திரம் இறங்க இடம் விட்ட, கதவும் கட்டணமும் இல்லாத ஒரு துண்டு. கரைவாசிகளுக்கு அருகிலேயே வீடும், அந்தப் பாதையைப் பேணும் கூலி வேலையும். அது நிலைத்தால் அடுத்த துண்டு. கரியா வரை போய்ச்சேர இருபது ஆண்டு ஆகட்டும். ஒவ்வொரு துறையிலும் யாரோ ஒருவர் தயங்காமல் கடைசிப் படியில் கால் நனைப்பாரானால், அதுவரைதான் பாதை நீண்டிருக்கிறது என்று பொருள்.