டன் கணக்கும் கடப்புறமும்

மணவாளக்குறிச்சிக் கடப்புறத்தில் ஒரு கைப்பிடி மணல் அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனக்கும். கறுப்பாக மினுங்குவது இல்மனைட், செம்மை கார்னெட். மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்ததை ஆனி, ஆடிக் கடல் புரட்டிச் சலிக்கிறது. லேசான மணலை அலை இழுத்துப் போய்விடும். கனமான தாது கரையில் தங்கிவிடும். கூலி கேட்காத சல்லடை.

இங்குள்ள அரிய மணல் ஆலையின் ஆண்டுத் திறன்: இல்மனைட் 90,000 டன், சிர்க்கான் 10,000, கார்னெட் 10,000, ரூட்டைல் 3,500, மோனசைட் 3,000. அணுசக்தி, காந்தம், பசுமை ஆற்றல் என்று தாதுமணலுக்குச் சொல்லப்படும் நியாயங்கள் அநேகமாக அந்தக் கடைசி 3,000 டன்னைப் பற்றியவை. அதைப்போல முப்பது மடங்கு எடையுள்ள சரக்கு போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் வெள்ளைப் பெயின்ட். இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

இந்த மணலுக்கு விலை வந்தது 1909-ல். ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார் என்பார்கள். அடுத்த ஆண்டே இங்கே ஆலை எழுந்தது. வாயு விளக்கு மேண்டிலுக்கு மோனசைட்டிலுள்ள தோரியம் தேவைப்பட்ட காலம் அது. இல்மனைட்டை யாரும் சீந்தவில்லை. 1922-க்குப் பிறகு வெள்ளை நிறமிக்காக அதையும் கேட்டார்கள், கழிவு சரக்கானது. மின்விளக்கு வந்து மேண்டில் அணைந்தது. பிறகு தோரியம் அணுசக்தியின் கனவாயிற்று. 1950-ல் பிறந்த இந்திய அருமணல் நிறுவனம் 1965-ல் இந்த ஆலையையும் எடுத்துக்கொண்டது. இப்போது காந்தத்துக்கான நியோடிமியத்தின் முறை. நூறு ஆண்டுகளில் வாங்குபவர் மூன்று முறை மாறிவிட்டார். ஒவ்வொரு முறையும் விலை எங்கோ தொலைவில் முடிவானது.

சந்தைவழியை ஆதரிப்பவர்களுக்கு இதில் நல்ல சான்று உண்டு. விலை வந்ததால்தான் ஒரே மணலிலிருந்து ஐந்து தாதுக்களையும் பிரித்தெடுக்கிறார்கள், வீணாவது குறைந்தது. ராயல்டி வருகிறது. 2015-க்குப் பின் அந்த ராயல்டியில் பழைய குத்தகைக்கு 30 சதவீதம், புதியதற்கு 10 சதவீதம் என்று மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். தாதுவை எடுத்தபின் மணலைத் திருப்பிக் கொட்டினால் கதிரியக்கம் குறையும் என்ற வாதத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். தோரியத்தை அகற்றினால் குறையத்தான் செய்யும்.

ஆனால் திரும்பி வரும் மணல் பழைய மணல் இல்லை. இல்மனைட்டின் அடர்த்தி வெண்மணலைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. கனம் போன மணலை அலை எளிதாக இழுக்கும் என்பதை ஆனிக்கடல் ஆண்டுதோறும் செய்து காட்டுகிறது. கடலரிப்புக்குத் துறைமுகச் சுவர், தூண்டில் வளைவு, ஆற்றில் வரத்துக் குறைவு எனக் காரணங்கள் பல. ஆலைமீது மட்டும் பழியைப் போடுவது நேர்மையாகாது. காரணம் பலவாக இருப்பதாலேயே அந்தச் செலவு யாருடைய பேரேட்டிலும் ஏறுவதில்லை என்பதுதான் சிக்கல். கரமடி இழுக்கவும், வள்ளம் ஏற்றிவைக்கவும், மீன் காயப்போடவும் கரை வேண்டும். அந்தக் கரைக்கு டன் கணக்கு கிடையாது.

விலை எதை எண்ணுகிறதோ அதுதான் பெருகும் என்பதற்கு இதே மாவட்டத்தின் கிழக்கு வாசலில் பாடம் இருக்கிறது. 1990-களில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலை நட்டவர்களுக்கு முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானக் கழிவை வருமான வரி அனுமதித்தது. நூற்பாலை முதலாளிகள் வரிசைகட்டினார்கள். வானம் தெரியாதபடி கம்பங்கள் எழுந்தன. அதைச் சாதனை என்றே சொல்வேன். ஆனால் சலுகை நட்ட கம்பத்துக்குத்தான், சுற்றிய யூனிட்டுக்கு இல்லை. யூனிட்டுக்கு 50 பைசா என்ற உற்பத்தி ஊக்கத்தொகை 2009-ல்தான் வந்தது. அங்கே எண்ணும் அலகைத் திருத்த முடிந்தது. கடப்புறத்தில் அலகு இன்னும் டன்தான்.

தனியாரா அரசா என்ற வழக்கு, எந்த அலகில் எண்ணுவது என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது. தனியார் தாதுமணல் அள்ளுவதைத் தமிழக அரசு 2013-ல் நிறுத்தியது; 2019-ல் ஒன்றிய அரசு தனியார் குத்தகைகளையே முடித்துவைத்தது. முறைகேடுகளைப் பார்க்கும்போது தேவையான முடிவு. ஆயினும் அரசு நிறுவனம் அள்ளினாலும் அளவுகோல் அதேதான்.

இப்போது காந்தச் சந்தை சூடு பிடித்திருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. நம் மோனசைட்டில் நியோடிமியம் போன்ற லேசான வகைகள் உண்டு. சீனா பூட்டிய பட்டியலிலுள்ள டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற கனமானவை மிகச் சொற்பம். ஆக, சீனாவைக் காட்டி மணலைக் கேட்பவர் பாதிக் கணக்கையே சொல்கிறார்.

கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம் முதல் கொல்லங்கோடு வரை 1,144 ஹெக்டேரில் தாதுமணல் எடுக்கும் திட்டம் அந்தச் சூட்டுக்கு முன்பே வந்தது. 2024 அக்டோபர் 1-ல் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது.

சந்தையில் விற்பவருக்கு ‘தர முடியாது’ என்று சொல்லும் உரிமை உண்டு. இல்லையென்றால் அதற்குப் பெயர் சந்தை இல்லை, பறிமுதல். இந்த மணலில் விற்பவராகக் கையெழுத்திடுவது அரசு. கரையை இழப்பவர் பத்திரத்திலேயே இல்லை. அவர் ‘தர முடியாது’ என்று பதிவு செய்யக்கூடிய ஒரே இடம் அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம். 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு அந்தக் கூட்டமே தேவையில்லை என்று விலக்கு அளித்தது. அதைத் திரும்பப் பெறக் கேட்டு முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.