எந்தப் புளியமரம்?

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) தலைப்பில் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது அந்த 'ஒரு'தான். நாவலுக்குள் போனால் அது ஏதோ ஒரு மரம் இல்லை. ஊருக்கே தெரிந்த மரம். தாமோதர ஆசான் கதையை எடுத்தால் சுற்றி உட்கார்ந்திருக்கும் பையன்களில் ஒருவன்கூட 'எந்த மரம்?' என்று கேட்கமாட்டான். ஆங்கிலத்தில் இந்த இடத்துக்குத்தான் 'தி'. அப்புறம் ஏன் அட்டையில் 'ஒரு'?

ஆப்பிளுக்கு முன்னால் 'ஆன்', சூரியனுக்கு முன்னால் 'தி'. பள்ளிக்கூடத்தில் நமக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இந்தச் சொற்கள் பொருளைவிடக் கேட்பவரைப் பற்றியவை என்று யாரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லோரையும் இரண்டு நாளாகப் படுத்திய பிழையைச் சரிசெய்துவிட்டு, 'ஃபிக்ஸ்டு எ பக்' என்று எழுதிவைத்துத் தூங்கப் போனேன். வேறேதோ சில்லறைப் பிழை என்று நினைத்து, சக ஊழியர்கள் ராத்திரி முழுக்க அதையே தேடியிருக்கிறார்கள். 'எ' என்றால் 'உங்களுக்குத் தெரியாத ஒன்று' என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

தமிழில் இந்த வசதியே இல்லை என்பார்கள். அப்படியில்லை. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த புத்தகம். அந்த 'ஐ'க்குள் ஒரு 'தி' ஒளிந்திருக்கிறது. ஆனால் அது செயப்படுபொருளோடு நின்றுவிடும். தலைப்பில் வருவது 'இன்'. 'புளியமரத்தின் கதை' என்று மட்டும் இருந்தால் தாவரவியல் பாடம் மாதிரி ஆகிவிடும். 'ஒரு' என்பதுதான் அந்த இனத்திலிருந்து ஒற்றை மரத்தைப் பிடுங்கித் தனியாக நிறுத்துகிறது.

எஸ். கிருஷ்ணன் 1995இல் 'டேல் ஆஃப் எ டாமரிண்ட் ட்ரீ' என்று வைத்தார். சரியான முடிவு என்றுதான் சொல்வேன். 'தி' போட்டிருந்தால் வாசகரை முதல் பக்கத்துக்கு முன்பே உள்ளூர்க்காரராக ஆக்கியிருப்பார். 2013இல் பிளேக் வென்ட்வொர்த் வைத்த தலைப்பு 'டாமரிண்ட் ஹிஸ்டரி'. 'எ'யும் இல்லை, 'தி'யும் இல்லை, சாமர்த்தியமாக நழுவிவிட்டார். சமஸ்தான காலத்திலிருந்து தேர்தல் காலம் வரை வரும் நாவலுக்கு 'ஹிஸ்டரி' பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் மரம் எங்கே? சு.ரா. எதைத் தவிர்க்க 'ஒரு' போட்டாரோ அதுவே திரும்ப வந்துவிட்டது. கடையில் பார்த்தால் புளி வியாபாரம் பற்றிய புத்தகம் என்று யாராவது நினைத்துக்கொள்ளலாம்.

மரம் செத்துப்போகும் பக்கங்களை மறுபடி படித்தேன். உள்ளே நுழையும்போது 'ஒரு' மரமாக இருந்தது, அங்கே 'அந்த' மரமாகிவிட்டது. எந்தப் பக்கத்தில் மாறியது என்று தேடிப்பார்த்தேன், அகப்படவில்லை.

இப்போது ஜெயகாந்தன் படுத்துகிறார். 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்.' முதல் இரண்டுக்கும் யோசிக்காமல் 'எ' போட்டுவிடலாம். மூன்றாவதற்கு 'எ'யா, 'ஒன்'னா? ஹென்றியிடம் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.